மார்ஷலா, ஃபெண்டரா: டெல்டா மேடைக்கு டியூப் ஆம்ப் ஒப்பிட்டு எடுக்கும் முறை

திருச்சியில் கடையின் ஏசி அறையில், சீரான கரண்டில், தனியாக வாசித்துப் பார்த்து எடுத்த கிட்டார் ஆம்ப், நீடாமங்கலம் பக்கம் ஒரு கோயில் திருவிழா மேடையில் ஜெனரேட்டரில் ஏறியதும் வேறு பொருள் போல ஒலிக்கும். கடையில் இனித்த பேஸ் இங்கே பலகை மேடையில் கும்மென்று முழங்கும். கடையில் காதைக் குத்திய ட்ரெபிள்தான் இங்கே கீபோர்டுக்கும் ரிதம் பேடுக்கும் நடுவிலிருந்து கிட்டாரை வெளியே கொண்டுவரும். ஆகவே எது இனிமை என்று கேட்கும் முன், எந்த மேடை, எவ்வளவு சத்தம், எந்தக் கரண்டு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒப்பீடு அங்கேதான் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு ஆம்ப்: ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் நான்காம் பதிப்பு, மார்ஷல் டிஎஸ்எல்40சிஆர். இரண்டும் 40 வாட். இரண்டிலும் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, பின்பக்கம் திறந்த பெட்டி. மெல்லிசைக் குழு, தேவாலயப் பாடகர் குழு, கல்யாணக் கச்சேரி என்று எங்கே போனாலும் ஒரே ஆம்ப்பில் கிளீன் (கரகரப்பே இல்லாத ஒலி), லேசான கரகரப்பு, லீட் (தனித்து முன்வரும் முரட்டு ஒலி) மூன்றும் கிடைக்க வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் நின்று யோசிப்பார்கள். வேறு இரண்டு ஆம்ப் என்றாலும் முறை இதுதான்.

உள்ளே இருப்பது

டியூப் என்பது ஒலிச் சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய், அதாவது வால்வு. முன்பகுதி டியூப் கிட்டாரின் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கும், பவர் டியூப் ஸ்பீக்கரை ஓட்டும். ஃபெண்டரில் பவர் டியூப் இரண்டு 6எல்6, முன்பகுதியில் மூன்று 12ஏஎக்ஸ்7. மார்ஷலில் இரண்டு இஎல்34, முன்பகுதியில் நான்கு இசிசி83. 12ஏஎக்ஸ்7, இசிசி83 இரண்டும் ஒரே டியூப்தான். ஒன்று அமெரிக்கப் பெயர், மற்றது ஐரோப்பியப் பெயர். கடையில் இரண்டு பெயரையும் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஒலி வேறுபாட்டில் பாதி பவர் டியூபிலிருந்தும் பாதி டோன் சர்க்யூட்டிலிருந்தும் வருகிறது. 6எல்6 சத்தம் ஏறியும் நெடுநேரம் கிளீனாக நிற்கும். பேஸ் இறுக்கம், ட்ரெபிள் மணி போல. இஎல்34 முன்னதாகவே கரகரக்கத் தொடங்கும், மிடில் முந்திக்கொண்டு வரும். ஃபெண்டரின் டோன் சர்க்யூட் இயல்பிலேயே மிடிலைப் பள்ளமாக்கும். மார்ஷலில் அந்தப் பள்ளம் ஆழம் குறைவு, சற்று மேல் அதிர்வெண்ணில் இருக்கும். ஃபெண்டர் 'திறந்து' ஒலிப்பதற்கும் மார்ஷல் 'நெஞ்சில் மோதுவதற்கும்' இதுதான் காரணம்.

இன்னொன்று: ட்ரெபிள், மிடில், பேஸ் மூன்றும் ஒன்றையொன்று பாதிக்கும். ட்ரெபிளை ஏற்றினால் மிடில் குமிழின் பிடி மாறிவிடும். மூன்றையும் அடிமட்டத்துக்கு இறக்கினால் சத்தமே ஏறக்குறைய நின்றுபோகும். அது பழுது அல்ல, சர்க்யூட்டின் இயல்பு.

ஃபெண்டரில் நார்மல், டிரைவ், மோர் டிரைவ் என்று மூன்று நிலை. டிரைவ் என்றால் கரகரப்பு. கிளீனுக்கு வால்யூம் என்று ஒரு குமிழ். டிரைவ் நிலைகளுக்கு டிரைவ், மாஸ்டர் என்று இரண்டு. மாஸ்டரைத் திருகினால் கிளீன் சத்தம் மாறாது, அது டிரைவுக்கு மட்டும். மார்ஷலில் இரண்டு சேனல், ஒவ்வொன்றிலும் இரண்டு நிலை: கிளீன், கிரஞ்ச் (லேசான கரகரப்பு), பிறகு ஓடி1, ஓடி2 (ஓவர்டிரைவ், இன்னும் முரட்டுக் கரகரப்பு). மாஸ்டர் வால்யூமும் இரண்டு இருப்பதால், ஒன்றைப் பாட்டுக்குப் பின்னணியாகவும் மற்றதை இடையிசை லீடுக்குச் சற்று உரக்கவும் வைத்துக்கொள்ளலாம். மெல்லிசை மேடைக்கு இது பெரிய வசதி. ஃபெண்டரில் இதே வேலைக்குத் தனியாக ஒரு பூஸ்டர் பெடல் வேண்டும்.

இரண்டிலுமே ட்ரெபிள், மிடில், பேஸ் எல்லாச் சேனலுக்கும் பொது. கிளீனுக்கு அழகாக அமைத்த ட்ரெபிள் லீடில் கொசு போல ரீங்கரிக்கலாம். அதனால் லீட் ஒலியை முதலில் அமைத்துவிட்டு, கிளீன் சேனலை அதற்கு இசைவாகச் சரிசெய்யுங்கள். தலைகீழாகப் போனால் பாதி நாள் போய்விடும்.

ரிவர்பில் (ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் வசதி) உள்ள வேறுபாட்டை நம் ஊர் மேடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். ஃபெண்டரில் இருப்பது உண்மையான ஸ்பிரிங் ரிவர்ப். ஒரு தகரப் பெட்டிக்குள் சுருள்கம்பிகள் அதிர்கின்றன. ஒலி இனிமை, சந்தேகமில்லை. ஆனால் டிரம் செட் ஏறிய அதே பலகையில் ஆம்ப்பை வைத்தால், கிக் டிரம் அடிக்கும்போதெல்லாம் கம்பி குலுங்கித் தடதடவென்று முழங்கும். மார்ஷலில் டிஜிட்டல் ரிவர்ப், எந்த ஆட்டத்துக்கும் அசையாது. ஃபெண்டரை எடுப்பவர்கள் ஆம்ப்புக்கு அடியில் 5 செ.மீ. தடிமனுள்ள ஃபோம் துண்டு போடலாம். டிரம் பலகையை விட்டுத் தனி மேசையில் வைத்தால் இன்னும் நல்லது.

வெளி எஃபெக்டுக்கு இரண்டிலும் லூப் (முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவில் பெடலைச் செருகும் இணைப்பு) உண்டு. ஃபெண்டரில் அது 'ப்ரீஆம்ப் அவுட்', 'பவர் ஆம்ப் இன்' என்ற பெயரில் இருக்கும். கோரஸ், டிலே இரண்டையும் லூப்பில் போடுங்கள். வா பெடல், ஓவர்டிரைவ் இரண்டையும் கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில். மார்ஷலில் ஸ்பீக்கர் ஒலியைப் போலவே பண்படுத்திய லைன் அவுட் இருப்பதால் மைக் இல்லாமலே மிக்ஸருக்குக் கொடுக்கலாம். ஃபெண்டரின் ப்ரீஆம்ப் அவுட்டை நேராக மிக்ஸரில் செருகினால் ஒலி மரம் அறுப்பது போலிருக்கும், ஏனென்றால் ஸ்பீக்கர் வடிகட்டும் மேல் அதிர்வெண்கள் அதில் அப்படியே இருக்கும்.

கரண்டை அளக்காமல் ஆம்ப்பை அளக்காதீர்கள்

டியூபின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும். அது பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேர் விகிதத்தில் வருகிறது. 230 வோல்ட்டுக்குக் கட்டிய ஆம்ப்புக்கு 180 வோல்ட்தான் வந்தால் ஹீட்டருக்குக் கிடைப்பது சுமார் 4.9 வோல்ட். ஒலி சோர்ந்துபோகும், கிளீன் சீக்கிரம் உடையும், சேனல் மாற்றும் ரிலே தடுமாறலாம். 260 வோல்ட் வந்தால் ஹீட்டருக்கு 7.1 வோல்ட், பிளேட் வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். டியூபின் ஆயுள் அங்கே கரையும். சாயங்காலம் ஊர் முழுக்க விளக்கும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் 195 வோல்ட் காட்டும் தெருக் கடைசி வீட்டில், 'இந்த ஆம்ப் மந்தம்' என்று தீர்ப்புச் சொன்னால் அது அந்த ஆம்ப்புக்குச் செய்யும் அநியாயம்.

ஒப்பிடும் இடத்தில் முதல் வேலையாக மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் அளவில் வைத்துப் பிளக் பாயிண்ட்டை அளந்து பாருங்கள். 220க்கும் 240க்கும் நடுவில் இருந்தால் தொடரலாம். பிறகு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளக்கவும். ஓரிரு வோல்ட் இருந்தால் சரி. 5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை, அல்லது நியூட்ரல் லைனில் கோளாறு. ஜெனரேட்டராக இருந்தால் மீட்டரின் ஹெர்ட்ஸ் நிலையில் 50 காட்டுகிறதா என்றும் பாருங்கள். 47, 53 என்று அலைந்தால் ஆம்ப்பின் ஹம் (கரண்டால் வரும் 'ம்ம்' ஓசை) சுருதியும் கூடவே அலையும்.

ஸ்டெபிலைசர் வாங்குவதாக இருந்தால் 1 கேவிஏ சர்வோ வகை போதும். ஃபிரிட்ஜுக்குப் போடும் ரிலே வகை ஒவ்வொரு முறை மாறும்போதும் 'டக்' என்று ஸ்பீக்கரில் கேட்கும்.

பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, உடைத்தோ டேப் ஒட்டியோ ஹம்மை நிறுத்தும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கிட்டார் கம்பி ஆம்ப்பின் சேசிஸோடு (உலோகச் சட்டம்) இணைந்தது. கையில் கம்பி, உதட்டில் பாடகரின் மைக், இரண்டும் வேறு வேறு எர்த்தில் என்றால் கரண்டு உடம்பு வழியாகத்தான் போகும். மழை நனைத்த பந்தலில் அது உயிரைப் பறிக்கும். ஒவ்வொரு மேடையிலும் தொடங்கும் முன் மைக் கிரில்லுக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவே ஏசி வோல்ட் அளந்து பாருங்கள். 1 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். பத்து, இருபது என்று காட்டினால் சவுண்ட் சர்வீஸ்காரரையும் ஜெனரேட்டர்காரரையும் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்த பிறகே கிட்டாரைத் தோளில் மாட்டுங்கள்.

உறவுக்காரர் மூலம் வெளிநாட்டிலிருந்து வரும் ஆம்ப்புக்குப் பின்பலகையில் எழுதியிருக்கும் வோல்ட்டேஜைப் படித்துப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து வந்தால் 230, நேராகச் செருகலாம். அமெரிக்காவிலிருந்து வந்தால் 120. குறைந்தது 500 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் நல்ல வேளையாக ஃபியூஸ் போகும், கெட்ட வேளையாக டிரான்ஸ்ஃபார்மர் போகும்.

பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது

காது ஒரு விஷயத்தில் நம்மை ஏமாற்றும்: சத்தம் கொஞ்சம் கூடினால் அதையே 'நல்ல டோன்' என்று எடுத்துக்கொள்ளும். தாழ்ந்த சத்தத்தில் காதுக்குப் பேஸும் ட்ரெபிளும் குறைவாகப் படும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். இரண்டு ஆம்ப்பையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவராமல் செய்யும் ஒப்பீடு எதுவானாலும் வீண்.

இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்கவும். மூலைக்குப் போகும் ஆம்ப்புக்குப் பேஸ் கூடும், அதனால் பாதி சோதனை முடிந்ததும் இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். டியூப் ஒரு நிமிஷத்தில் பேசத் தொடங்கினாலும் ஒலி நிலைப்பட 15 நிமிஷம் ஆகும். அதுவரை தீர்ப்பு வேண்டாம்.

கிட்டார் ஒன்று, கேபிள் ஒன்று. கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். 3 மீட்டர் கேபிளில் ஒன்றையும் 10 மீட்டர் கேபிளில் மற்றதையும் கேட்டால், இரண்டாவதில் ட்ரெபிள் குறைவது கேபிளால். பழி ஆம்ப்பின் மேல் விழும். ஒய் கேபிள் போட்டு இரண்டையும் ஒருசேர இணைத்தால் எர்த் லூப் ஹம் வரும். ஒன்றை ஸ்டாண்ட்பையில் (டியூப் சூடாக இருக்க, ஒலி மட்டும் நிற்கும் நிலை) வைத்து, கேபிளைக் கழற்றி மற்றதில் செருகுவதே சுத்தமான வழி. லூப்பர் பெடல் இருந்தால் இன்னும் நல்லது. எட்டு மாத்திரை அளவுக்கு ஒரு துணுக்கைப் பதிந்து ஓடவிட்டால் இரண்டு ஆம்ப்புக்கும் அச்சு மாறாத வாசிப்பு போகும். கையின் வேறுபாடு கணக்கிலேயே வராது. ஆனால் விரலுக்கு ஆம்ப் எப்படிப் பணிகிறது என்பதை லூப்பர் காட்டாது. அதற்கு நேரடி வாசிப்பு வேண்டும்.

சத்தத்தைச் சமப்படுத்த போனில் ஒரு டெசிபெல் மீட்டர் செயலி போதும். அது காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும், ஒரே போனால் இரண்டையும் அளப்பதால் வித்தியாசம் சரியாகத் தெரியும். ஆம்ப்பிலிருந்து 2 மீட்டரில், காது உயரத்தில் போனை நிறுத்துங்கள். லூப்பரில் பதிந்த துணுக்கு ஓடும்போது ஒன்றை 90 டெசிபெலுக்கு வைத்து, மற்றதை 1 டெசிபெலுக்குள் நெருக்கவும். டோன் குமிழை மாற்றும் ஒவ்வொரு முறையும் மறுபடி அளக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஒப்பீடு உருப்படுவது இந்த அலுப்பில்தான்.

குமிழ் எண்ணை நம்பாதீர்கள். ஹாட் ராட் குமிழ்கள் 12 வரை போகும், மார்ஷல் 10 வரை. இரண்டிலும் '5' வைத்துவிட்டுச் சமம் என்று நினைப்பது, மரக்காலையும் படியையும் ஒன்றென்று அளப்பது போல. ஒவ்வொன்றையும் ஐந்து நிமிஷத்துக்குள் அதன் நல்ல நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிரசன்ஸ் குமிழ் மேல் அதிர்வெண்ணின் கூர்மையையும் ரெசொனன்ஸ் குமிழ் அடி அதிர்வெண்ணின் கனத்தையும் கூட்டும். தொடங்கும் இடமாக ஃபெண்டருக்கு ட்ரெபிள் 5, மிடில் 8, பேஸ் 4, பிரசன்ஸ் 5, ரிவர்ப் 3. மார்ஷலுக்கு ட்ரெபிள் 5, மிடில் 6, பேஸ் 4, பிரசன்ஸ் 4, ரெசொனன்ஸ் 2. பலகை மேடையில் ரெசொனன்ஸை ஏற்றினால் பேஸ் கிட்டாரின் இடத்தை உங்கள் கிட்டார் தின்னும்.

இப்போது ஐந்து சோதனை. ஒவ்வொன்றுக்கும் தாளில் குறிப்பு எழுதுங்கள், நினைவை நம்ப வேண்டாம்.

1. ஆறு கம்பியும் ஒலிக்கும் திறந்த ஜி கார்டை மெதுவாகவும் பலமாகவும் அடிக்கவும். பலமாக அடித்தபோது அடிக்கம்பி குழம்புகிறதா, ஒவ்வொரு கம்பியும் தனியாகக் கேட்கிறதா?

2. உள்ளங்கையால் அடக்கிய ரிதம். குத்துப்பாட்டுக்கு இந்த 'சுக்கு சுக்கு' ஒலி வறண்டு தெளிவாக இருக்க வேண்டும். ஈரமாகத் தொளதொளத்தால் பேஸைக் குறைத்து மறுபடி பாருங்கள்.

3. கமகம். மூன்றாம் கம்பியில் 7-ஆம் கட்டையில் பிடித்து ஒரு முழு ஸ்வர இடைவெளி இழுத்து, மெல்ல இறக்கி அசைக்கவும். நாகஸ்வரமும் வயலினும் கேட்டுப் பழகிய காது டெல்டாவினுடையது. அசைவின் அடியில் ஒலி அறுந்தால் இங்கே கேட்பவருக்கு உடனே தெரியும். இழுப்பு முழுக்க ஒலி ஒரே கனத்தில் நிற்கிறதா? மார்ஷலின் கிரஞ்ச் நிலையில் கெய்ன் (முன்பகுதியின் பெருக்கம்) 4 வைத்து, கிட்டார் வால்யூமை 7-க்கு இறக்கி வாசித்தால் அது பெரும்பாலும் நன்றாகப் பிடித்துத் தரும். ஃபெண்டரில் டிரைவ் சேனலை விட, நார்மல் சேனலில் ஒரு ஓவர்டிரைவ் பெடலை டிரைவ் குறைத்து, லெவல் கூட்டி வைப்பது மேல்.

4. ஒரே நீண்ட ஸ்வரம். அடித்துவிட்டு அது மறையும் வரை விநாடி எண்ணவும். மறையும்போது வழுவழுவென்று தேய்கிறதா, கரகரத்துத் துப்பி நிற்கிறதா என்பதே முக்கியம். துப்பினால் பவர் டியூபின் பயாஸ் (சிக்னல் இல்லாதபோது டியூபில் எவ்வளவு கரண்டு ஓட வேண்டும் என்ற அமைப்பு) தணுப்பாக, அதாவது கரண்டு குறைவாக, இருக்கலாம். அது ஆம்ப்பின் குணம் அல்ல, டெக்னீஷியன் சரிசெய்யக்கூடியது.

5. மௌனம். கிட்டார் வால்யூமை 0 ஆக்கி, ஒவ்வொரு நிலையிலும் இரைச்சலைக் கேளுங்கள். மார்ஷலின் ஓடி2-இல் கெய்ன் அதிகம், ஆகவே இரைச்சலும் அதிகம். இரைச்சலை ஒப்பிடும்போதும் ஒரே அளவு டிஸ்டார்ஷனில்தான் ஒப்பிட வேண்டும்.

இவை முடிந்ததும் நண்பர் ஒருவரைக் கேபிள் மாற்றச் சொல்லி, நீங்கள் முதுகு காட்டி நின்று பத்து முறை கேளுங்கள். எது எது என்று பிரித்தறிய முடியாத இடங்களில் பெயர்ப்பலகைக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கடைசியாக, முடிந்தால், குழுவோடு ஒரே ஒரு பாட்டு. தனியாக மெலிந்து கேட்ட ஆம்ப் குழுவோடு சரியாக உட்காரும். தனியாகத் தடித்து இனித்தது கீபோர்டின் அடியில் காணாமல் போகும். பெரும்பாலும் தீர்ப்பு மாறுவது இங்கேதான்.

40 வாட் வேண்டுமா?

மார்ஷலை 20 வாட்டுக்கு இறக்கலாம். பாதி சத்தம் என்று நினைக்க வேண்டாம். வாட் பாதியானால் குறைவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரட்டிப்புச் சத்தம் என்று பட 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். திருவிழா மேடையில் எப்படியும் ஆம்ப்புக்கு முன் மைக் வைத்து மிக்ஸர் வழியாகத்தான் போகப்போகிறது. ஷூர் எஸ்எம்57 மாதிரி ஒரு மைக்கை ஸ்பீக்கர் துணியிலிருந்து 3 செ.மீ. தள்ளி, கூம்பின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் நிறுத்துங்கள். நடுவுக்கு நகர்த்தினால் ட்ரெபிள், விளிம்புக்கு நகர்த்தினால் கனம். டோன் குமிழைத் தொடுவதற்கு முன் மைக்கை நகர்த்திப் பாருங்கள்.

வீட்டில் வாசிப்பவர்கள் கவனிக்க: ஹாட் ராட் வரிசையின் பழைய பதிப்புகளில் வால்யூம் 1-லிருந்து 3-க்குள்ளேயே பெரும்பகுதி ஏறிவிடும். அக்கம்பக்கம் நெருக்கமான தெருவில் மார்ஷலின் இரட்டை மாஸ்டர் எளிது.

எங்கள் கணிப்பு இது. கிளீன் ஸ்ட்ரம்மிங், கோரஸ், தேவாலயப் பாடல், சொந்தப் பெடல்கள் என்று போகிறவருக்கு ஃபெண்டர். ஒரே மேடையில் பின்னணியும் முரட்டு லீடும் மாறி மாறி வேண்டும், பெடல் தூக்க மனமில்லை என்பவருக்கு மார்ஷல். கமகத்தோடு கர்நாடக உருப்படி வாசிப்பவர் இரண்டையும் மூன்றாவது சோதனையில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கை சொல்வதுதான் பதில்.

வாங்கியபின் கெடும் இடங்கள்

ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்ப்பை ஓட்டவே கூடாது. பாரம் இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட்டேஜ் எகிறி, சுருளின் இன்சுலேஷன் உடையும். பழைய ஆம்ப் வாங்கும்போது பின்னால் ஸ்பீக்கர் பிளக் முழுக்க உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஆன் செய்யுங்கள். மார்ஷலின் உள் ஸ்பீக்கர் 16 ஓம், ஃபெண்டருடையது 8 ஓம். வெளி ஸ்பீக்கர் சேர்க்கும்போது ஜாக்கின் மேல் எழுதியிருப்பதற்குப் பொருத்தமாகச் சேருங்கள்.

6எல்6 கிடைக்கவில்லை என்று ஃபெண்டரில் இஎல்34 செருகக் கூடாது. ஒரு 6எல்6 ஹீட்டர் 0.9 ஆம்பியர் இழுக்கும், இஎல்34 1.5 ஆம்பியர். இரண்டு டியூபுக்கு 1.8 ஆம்பியர் கொடுத்த சுருளிலிருந்து 3 ஆம்பியர் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். பவர் டியூபை ஜோடியாக மாற்றி, பயாஸ் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதை நீங்களே திறந்து செய்ய வேண்டாம்: உள்ளே 400 வோல்ட்டைத் தாண்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். முன்பகுதியின் சிறு டியூபை மட்டும், அணைத்து ஆறவிட்டு, நீங்களே மாற்றலாம். சந்தேகமுள்ள டியூபைக் கண்டுபிடிக்க, ஆம்ப் ஓடும்போது பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டுங்கள். மணி அடிப்பது போல ஸ்பீக்கரில் ஒலித்தால் அதுதான்.

சூடேறியபின் மட்டும் சத்தம் விட்டு விட்டு வந்தால், பெரும்பாலும் போர்டில் சூடாகும் சிமென்ட் ரெசிஸ்டரின் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கும். மறுபடி பற்றவைத்தால் போதும். பழைய ஆம்ப்பை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் நாளைக்கு வருவதாகச் சொல்லுங்கள்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி பக்கம் வாசிப்பவர்களுக்கு உப்புக்காற்று பெரிய எதிரி. டியூப் காலிலும் ஜாக்கிலும் பச்சை பூக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடித்து ஜாக்கில் பிளக்கைப் பத்து முறை செருகி எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கச்சேரி இல்லாவிட்டாலும் வாரம் அரை மணி நேரம் ஆம்ப்பை ஓட்டினால் உள்ளே ஏறிய ஈரம் அதன் சூட்டிலேயே போகும். தரையில் வைக்காமல் பெஞ்சில் வைத்து, துணி உறை போடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

கச்சேரி முடிந்ததும் உடனே லோட் ஆட்டோவில் ஏற்றாதீர்கள். சூடான டியூபின் உள்கம்பி இளகி இருக்கும், குலுக்கலில் சாய்ந்து ஒன்றையொன்று தொடும். முதலில் ஆம்ப்பை அணைத்து, பிறகு கேபிள் சுருட்டி, ஸ்டாண்ட் மடக்கி, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். ஆறிய ஆம்ப்பை ஸ்பீக்கர் முகம் வண்டியின் சுவரைப் பார்க்க நிமிர்த்தி வைத்து, கயிறு போட்டுக் கட்டுங்கள்.